யாருக்கும் கொடுக்காத மெயில் முகவரி ஸ்பேம்காரனுக்கு எப்படிக் கிடைக்கிறது?

தறிப்பட்டறை
திங்கள், இரவு 9:50

எல்லோருக்கும் வணக்கம். கரூரில் வீட்டு உபயோகத் துணி ஏற்றுமதி செய்கிறோம். கிச்சன் டவல், ஏப்ரன், ஓவன் கையுறை, மேசை விரிப்பு, இந்த வகை. அப்பா ஆரம்பித்த தொழில். ஆபீஸில் ஆறு பேர். கம்ப்யூட்டரில் என்ன கோளாறு வந்தாலும் மற்ற ஐந்து பேரும் என் முகத்தைத்தான் பார்ப்பார்கள். நான் படித்தது பி.காம்.

பதினைந்து வருஷமாக ஒரே ஜிமெயிலில் ஓட்டிக்கொண்டிருந்தோம். ‘இன்னும் ஜிமெயிலா?’ என்று ஒரு பையர் சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டார், அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. போன செப்டம்பரில் கம்பெனி பெயரில் டொமைன் வாங்கினேன். இன்ஃபோ, சேல்ஸ், அக்கவுண்ட்ஸ் என்று மூன்று முகவரி, அப்பா பெயரில் ஒன்று, என் பெயரில் ஒன்று. பழைய ஜிமெயிலுக்கு வருவதும் அப்பாவின் புதிய பெட்டியிலேயே விழும்படி வைத்திருக்கிறேன்.

நடந்ததைச் சொல்கிறேன். டொமைன் வாங்கியது சாயங்காலம். மறுநாள் காலை டீ குடிப்பதற்குள் ‘வெப்சைட் செய்து தருகிறோம் சார்’ என்று மூன்று போன், இன்ஃபோவுக்கு இரண்டு மெயில். அந்த முகவரியை அதுவரை நானே சரியாகத் திறந்து பார்க்கவில்லை.

அடுத்தது அக்கவுண்ட்ஸ். அதை விசிட்டிங் கார்டிலும் போடவில்லை, வெப்சைட்டிலும் போடவில்லை. கணக்குப் பார்க்கும் அக்காவின் கம்ப்யூட்டரில் மட்டும் இருந்தது. ஆடிட்டருக்குக்கூட இன்னும் சொல்லவில்லை. பதினோராம் நாள் ‘உங்கள் பெட்டி நிரம்பிவிட்டது, இங்கே அழுத்திப் பாஸ்வேர்டு கொடுக்கவும்’ என்று ஒன்று வந்தது. அக்கா பாவம், கொடுக்கலாமா என்று என்னைக் கேட்டார். கேட்டாரே, அதுவரை புண்ணியம்.

ஜனவரியில் ஃபிராங்ஃபர்ட் ஹைம்டெக்ஸ்டில் கண்காட்சியில் ஸ்டால் போட்டோம். அதற்கு முன்னும் பின்னும், ‘கண்காட்சிக்கு வந்த பையர்கள் பட்டியல் எங்களிடம் இருக்கிறது, விலை சொல்லட்டுமா?’ என்று இருபது முப்பது மெயில். நாங்கள் எந்த ஹாலில் இருந்தோம் என்பதுகூட ஒருத்தனுக்குத் தெரிந்திருந்தது.

இதெல்லாம் போகட்டும். போன வியாழக்கிழமை வந்ததுதான் வயிற்றைக் கலக்கிவிட்டது. அப்பாவுக்கு ஒரு மெயில். தலைப்பு எங்களுடையது: போன வருஷம் ஒரு டென்மார்க் பையருக்கு அனுப்பிய டவல் ஆர்டர். கீழே எங்களுடைய பழைய கடிதம் அப்படியே இருக்கிறது. ‘ஷிப்மெண்ட்’ என்பதில் அப்பா எப்போதும் ஒரு எழுத்தை விட்டுவிடுவார், அந்தத் தப்பு உட்பட. மேலே இரண்டே வரி: இணைப்பைப் பார்க்கவும், பாஸ்வேர்டு இது. இணைப்பு ஒரு ஜிப் ஃபைல். அப்பா திறந்தே இருப்பார். கண்ணாடியைக் காரில் வைத்துவிட்டு வந்ததால், ‘இந்த நம்பரை அடித்துக் கொடுடா’ என்று என்னைக் கூப்பிட்டார். அனுப்பியவர் பெயர் பையருடையதுதான், ஆனால் அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்த முகவரி டாட் பிஆர் என்று முடிந்தது. பிரேசிலாம்.

எங்கள் மெயிலுக்குள் யாரோ உட்கார்ந்திருக்கிறார்களா? பாஸ்வேர்டு எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன். இருந்தும் தூக்கம் வரவில்லை. இவர்கள் எப்படித்தான் முகவரி பிடிக்கிறார்கள்?


போஸ்ட்மாஸ்டர் தாம்பரம்
திங்கள், இரவு 11:25

தம்பி, முதலில் தூங்குங்கள். பாஸ்வேர்டு மாற்றியது நல்லது, இரண்டு அடுக்குச் சரிபார்ப்பையும் போட்டுவிடுங்கள். நான் ஒரு சின்ன ஹோஸ்டிங் கம்பெனியில் பதினேழு வருஷமாக மெயில் சர்வர்களை மேய்த்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் சொன்ன நாலும் ஒரே ஆள் வேலை இல்லை. நாலு வாசல் வழியாக வந்திருக்கின்றன. ஒன்றோடு ஒன்றைச் சேர்த்து யோசித்ததால்தான் உங்களுக்குப் பயம்.

முதல் வாசல், டொமைன் பெயரே. உங்கள் சைட்டுக்குப் பூட்டு அடையாளம் வர ஒரு சான்றிதழ் வாங்கியிருப்பீர்கள், அல்லது ஹோஸ்டிங்காரரே வாங்கியிருப்பார். அப்படிக் கொடுக்கப்படும் சான்றிதழ்கள் பொதுப் பதிவேடுகளில் ஏறும், அதை யாரும் படிக்கலாம். ஏமாற்றுச் சான்றிதழ்களைக் கண்டுபிடிக்க நல்ல எண்ணத்தில் செய்த ஏற்பாடு. ஸ்பேம்காரனுக்கோ அது தினசரி வெளிவரும் பிறப்புப் பதிவேடு. பெயர் கிடைத்ததும் முன்னால் இன்ஃபோ, சேல்ஸ், சப்போர்ட் என்று ஒட்ட வேண்டியதுதான். இந்தப் பெயர்களை எல்லோரும் வைத்துக்கொள்ளுங்கள் என்று 1997லேயே இணையத் தரநிலை ஆவணம் ஒன்று வரிசைப்படுத்திச் சொல்லியிருக்கிறது. ஆர்.எஃப்.சி. 2142. திருடனுக்கு நாமே எழுதிக் கொடுத்த முகவரிப் புத்தகம் என்று நான் கிண்டல் செய்வேன். போன் வந்தது வேறு வழி. டொமைன் பதியும்போது கொடுத்த பெயரும் நம்பரும் முன்பெல்லாம் ஹூஇஸ் என்ற தேடலில் பச்சையாகத் தெரியும். 2018 மே மாதம் ஐரோப்பியத் தனியுரிமைச் சட்டம் வந்தபின் பெரும்பாலும் மறைக்கிறார்கள், ஆனால் எல்லா இடத்திலும் இல்லை. உங்கள் பதிவாளர் கணக்கில் நுழைந்து என்ன தெரிகிறது என்று பாருங்கள்.

இரண்டாவது, அக்கவுண்ட்ஸ். உங்களுக்கு மர்மமாகத் தெரிவது இதுதான், எனக்கு இதுதான் தினசரிச் சோறு. ஒரு மெயில் சர்வர் இன்னொன்றின் கதவைத் தட்டும்போது பேச்சு இப்படித்தான் போகும். ‘வணக்கம், நான் இன்னார்.’ ‘சரி.’ ‘இவரிடமிருந்து ஒரு கடிதம்.’ ‘சரி.’ ‘இன்னாருக்கு.’ இந்த இடத்தில் அப்படி ஒருவர் இருந்தால் 250 என்று பதில், இல்லாவிட்டால் 550. கடிதத்தைக் கொடுக்காமலேயே, அந்தப் பதிலை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தவன் போய்விடலாம். அபார்ட்மெண்டில் வாட்ச்மேனிடம், ‘அனிதா மேடம் எந்த வீடு?’ என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போகிறவன் மாதிரி.

போன மாதம் எங்கள் சர்வரின் பதிவேட்டில் பார்த்தது: இரவு 2:14க்கு ஆரம்பித்திருக்கிறான். அஜய், அஜித், அகிலா, அக்‌ஷயா, ஆல்பர்ட், அலெக்ஸ், எல்லாம் ஆங்கில எழுத்து வரிசைப்படி. ஒவ்வொன்றுக்கும் 550. அனிதாவுக்கு வந்ததும் 250. ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் நிஜமாகவே ஒரு அனிதா இருக்கிறார். காலை மணி ஒன்பதுக்குள் அவர் பெட்டியில் ஏழு ஸ்பேம். அந்த அம்மாவும் உங்களைப் போலத்தான், யாருக்கும் கொடுக்கவில்லையே என்று என்னிடம் சண்டைக்கு வந்தார்.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் கிளேட்டன் 2008ல் ஒரு பிரிட்டிஷ் இணையச் சேவை நிறுவனத்தின் மெயில் பதிவுகளை எடுத்து எண்ணிப் பார்த்தார். ஏ, எம், எஸ் மாதிரி எழுத்தில் தொடங்கும் முகவரிகளுக்கு வருவதில் ஸ்பேமின் பங்கு அதிகம். க்யூ, இஸட் என்று தொடங்கினால் குறைவு. யூகித்துத்தான் அனுப்புகிறார்கள் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? உலகத்தில் இஸட் பெயர்க்காரர்கள் குறைவு, அதனால் அகராதியிலும் குறைவு.

ஒரு சந்தேகம். உங்கள் டொமைனில் கேட்ச்-ஆல் போட்டிருக்கிறீர்களா? எந்தப் பெயர் போட்டு வந்தாலும் ஒரே பெட்டியில் விழும்படியான ஏற்பாடு. போட்டிருந்தால் உங்கள் சர்வர் கேட்கிற எல்லாவற்றுக்கும் 250 சொல்லிக்கொண்டிருக்கும். அந்த வாட்ச்மேன் எந்தப் பெயரைக் கேட்டாலும் ‘இருக்காங்க, மேலே போங்க’ என்பான்.

மூன்றாவது, கண்காட்சி. ஸ்டால் போடுபவர்களின் பட்டியல் அந்தச் சைட்டிலேயே இருக்கும்: பெயர், ஹால், ஸ்டால் எண், தொடர்பு. பையர் உங்களைத் தேட வேண்டும் என்பதற்காகப் போடுவது. அதைத்தான் ஒரு புரோகிராம் வைத்து வழித்து எடுத்திருக்கிறான். பையர் பட்டியல் விற்கிறேன் என்கிறவனிடம் பெரும்பாலும் பையர் பட்டியல் இருக்காது. உங்கள் பட்டியல்தான் இருக்கிறது, அதை வைத்து உங்களிடமே வியாபாரம். இது இன்று நேற்று வந்ததும் இல்லை. உலகத்தின் முதல் ஸ்பேம் என்று சொல்லப்படுவது 1978 மே 3ஆம் தேதி, இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட்டில் போனது. டிஜிட்டல் எக்விப்மெண்ட் என்ற கம்ப்யூட்டர் கம்பெனியின் கேரி தூர்க், அச்சடித்த டைரக்டரியில் இருந்த முகவரிகளை உட்கார்ந்து டைப் அடிக்க வைத்து, சுமார் 400 பேருக்கு விளம்பரம் அனுப்பினார். முகவரிப் பகுதியில் இடம் போதாமல் மிச்சம் கடிதத்துக்குள்ளேயே வழிந்துவிட்டது. எங்கே முகவரிகள் வரிசையாக இருக்கிறதோ அங்கே கை வைப்பான். அன்றைக்கு டைரக்டரி, இன்றைக்கு கண்காட்சிப் பட்டியல்.

நாலாவது கொஞ்சம் விஷமம்தான். ஆனால் பதில் சொல்லும் முன் எனக்கு ஒன்று வேண்டும். அந்த டென்மார்க் மெயில் எந்த முகவரிக்கு வந்தது? அப்பாவின் புதிய முகவரிக்கா, பழைய ஜிமெயிலுக்கா? ‘டூ’ வரியைப் பார்த்துச் சொல்லுங்கள்.


மோட்டார் மிஸ்
செவ்வாய், காலை 6:40

இதைப் படித்ததும் என் கதையையும் சொல்ல வேண்டும் போல் இருக்கிறது. பொறியியல் கல்லூரியில் எலக்ட்ரிகல் பாடம் நடத்துகிறேன். ஐந்தாறு வருஷத்துக்கு முன் இண்டக்‌ஷன் மோட்டார் பற்றி ஒரு கட்டுரை வெளியானது. தொடர்புக்கான ஆசிரியர் என்று நட்சத்திரக் குறி போட்டு என் முகவரி முதல் பக்கத்தில் இருந்தது. அன்று முதல் ‘மதிப்புக்குரிய பேராசிரியரே, உங்கள் அற்புதமான கட்டுரையைப் படித்தோம்’ என்று நாள் தவறாமல் அழைப்பு. இதயநோய் இதழிலிருந்து வந்தது. மீன்வள மாநாட்டிலிருந்தும் வந்தது. மோட்டாருக்கும் மீனுக்கும் என்ன சம்பந்தமோ.

கட்டுரையிலிருந்துதான் எடுக்கிறார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும் என்றால், அங்கே மட்டும்தான் என் பெயருக்குப் பின்னால் இனிஷியல் ‘கே’ போட்டிருந்தேன். கல்லூரிச் சைட்டில் இனிஷியல் முன்னால் இருக்கிறது. வருகிற மெயில் எல்லாம் ‘அன்புள்ள டாக்டர் கே’ என்றே ஆரம்பிக்கிறது. அந்த மென்பொருளுக்கு கடைசியில் இருப்பதுதான் குடும்பப் பெயர். நம் ஊர் இனிஷியல் அதற்கு எங்கே தெரியும்? ஸ்டாஃப் ரூமில் எனக்கு இப்போது பெயரே டாக்டர் கே தான். இத்தனைக்கும் இன்னும் பிஎச்.டி. முடிக்கவில்லை.

இந்தத் தொல்லை தாங்காமல் அமெரிக்காவில் இரண்டு கணினிப் பேராசிரியர்கள் 2005ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். பட்டியலிலிருந்து என்னை எடுத்துத் தொலையுங்கள் என்ற ஒரே வாக்கியம், கொஞ்சம் கெட்ட வார்த்தையோடு, பத்துப் பக்கத்துக்கு. படம், வரைபடம் உட்பட. 2014ல் ஆஸ்திரேலியாவில் ஒருவர் இப்படித் தொந்தரவு செய்த ஒரு இதழுக்கு அதையே பதிலாக அனுப்பினார். பட்டியலிலிருந்து எடுக்கவில்லை. கட்டுரையைப் பிரசுரத்துக்கு ஏற்றுக்கொண்டு கட்டணம் கேட்டார்கள்!


திருப்பூர் பனியன்
செவ்வாய், மதியம் 1:15

கரூர் தம்பிக்கு ஒன்று மட்டும். பட்டியல் விற்கிறவன் கொசு. கடிப்பான், சொறிந்துவிட்டுப் போகலாம். பழைய கடிதத்தைக் கையில் வைத்திருக்கிறவன் பாம்பு.

எனக்குத் தெரிந்த ஒரு யூனிட். பெயர் வேண்டாம். பையருக்கு இன்வாய்ஸ் போனது, இரண்டு நாள் கழித்து ‘எங்கள் வங்கியில் ஆடிட் நடக்கிறது, இந்தக் கணக்குக்கு அனுப்பவும்’ என்று இன்னொரு மெயில் போனது. கம்பெனி பெயரில் ஆங்கில ‘எம்’ இருக்க வேண்டிய இடத்தில் ‘ஆர்’, ‘என்’ இரண்டையும் ஒட்டிப் போட்டு ஒரு டொமைன் வாங்கியிருக்கிறான். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. பையர் நல்ல மனுஷர், சொன்ன கணக்குக்குப் பணம் கட்டிவிட்டார். சரக்கும் போய்விட்டது. யார் தலையில் விழுவது என்று எட்டு மாதம் இழுபறி, கடைசியில் ஆளுக்குப் பாதி.

நாங்கள் அதன்பின் எல்லா இன்வாய்ஸிலும் ஒரு வரி அடிக்கிறோம்: எங்கள் வங்கிக் கணக்கு மாறாது, மாறியதாக யார் சொன்னாலும் போன் பண்ணிக் கேளுங்கள். பழைய நம்பருக்கு. மெயிலில் போட்டிருக்கும் நம்பருக்கு இல்லை. பணம் போனது தெரிந்தால் அந்த நிமிடமே வங்கிக்கும் சைபர் குற்ற உதவி எண் 1930க்கும் போன் அடியுங்கள். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்றால் போனது போனதுதான்.


தறிப்பட்டறை
செவ்வாய், இரவு 8:30

எல்லோருக்கும் நன்றி. போஸ்ட்மாஸ்டர் அண்ணே, கேட்டதற்குப் பதில்: பழைய ஜிமெயிலுக்குத்தான் வந்திருக்கிறது. அங்கிருந்து அப்பாவின் பெட்டிக்குத் திரும்பியிருக்கிறது. நான் கவனிக்கவே இல்லை.

கேட்ச்-ஆல் விஷயம்... போட்டிருக்கிறேன். அந்த டென்மார்க் பையர் என் பெயரில் எப்போதும் ஒரு ‘எச்’ கூடுதலாகப் போடுவார். எத்தனை தடவை சொன்னாலும் திருந்தவில்லை. அவர் மெயில் தவறிவிடக் கூடாதே என்றுதான் போட்டேன்.

இன்னும் மூன்று கேள்வி. மெயிலின் அடியில் ‘அன்சப்ஸ்கிரைப்’ என்று இருக்கிறதே, அழுத்தலாமா? வெப்சைட்டில் முகவரியில் @ என்ற சுழிக்குப் பதிலாக ‘அட்’ என்று எழுத்தில் போடச் சொல்லி ஒரு நண்பன் சொல்கிறான், பலன் உண்டா? அப்புறம், இத்தனை கோடி மெயில் அனுப்பி இவர்களுக்கு என்னதான் கிடைக்கிறது?


போஸ்ட்மாஸ்டர் தாம்பரம்
செவ்வாய், இரவு 10:55

பழைய ஜிமெயிலுக்கு வந்ததா? அப்படியானால் நெஞ்சில் கைவைத்துத் தூங்கலாம், முக்கால்வாசி. இன்றைக்கு உங்கள் பெட்டிக்குள் ஆள் இருந்தால் புதிய முகவரிக்குப் புதிய கடிதத்தை வைத்து எழுதியிருப்பான். இவன் கையில் இருப்பது பழைய மூட்டை. நீங்கள் செப்டம்பரில் மாறுவதற்கு முன்பே யாருடைய பெட்டியிலிருந்தோ அள்ளியது.

யாருடைய என்பதுதான் கேள்வி. ஒரு கடிதம் ஓடும்போது அதன் நகல் எத்தனை பேரிடம் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். நீங்கள், பையர், இடையில் சிசியில் இருப்பவர்கள் அத்தனை பேர். அதில் ஒருவருடைய கம்ப்யூட்டரில் கெட்ட மென்பொருள் ஏறினால் போதும், எல்லோருடைய முகவரியும் அதோடு போய்விடும். 2000 மே மாதம் ‘ஐ லவ் யூ’ வைரஸ் முகவரிப் புத்தகத்தில் இருந்த எல்லோருக்கும் தன்னையே அனுப்பிக்கொண்டது. எமோடெட் என்று ஒன்று வந்தது, அது இன்னும் ஒரு படி மேலே. முகவரியோடு கடிதங்களையும் திருடி, அந்தப் பழைய உரையாடலுக்கே பதில் மாதிரி அனுப்பும். பாஸ்வேர்டு போட்ட ஜிப்பும் அதன் பழக்கம். பூட்டிய ஃபைலுக்குள் ஸ்பேம் வடிகட்டி எட்டிப் பார்க்க முடியாது என்பதால். 2021 ஜனவரியில் பல நாட்டுப் போலீஸ் சேர்ந்து அதன் சர்வர்களைப் பிடித்தார்கள், அதே வருஷம் நவம்பரில் திரும்பி வந்தது. வித்தையை மற்றவர்களும் கற்றுக்கொண்டுவிட்டார்கள். ஆகவே வேலை இதுதான்: அந்த மாதிரி மெயில் வேறு வந்திருக்கிறதா என்று ஸ்பேம் பெட்டியைத் துழாவுங்கள். ஒவ்வொன்றிலும் கீழே இருக்கும் அசல் கடிதத்தில் யார் யார் இருந்தார்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். எல்லாக் கடிதத்திலும் வருகிற பெயர் யாரோ, அங்கேதான் ஓட்டை.

இந்த வித்தை சும்மா சொல்லவில்லை. 2007ல் டிடி அமெரிட்ரேட் என்ற அமெரிக்கப் பங்குத் தரகு நிறுவனத்தின் வாடிக்கையாளர்கள் சிலர், அந்த நிறுவனத்துக்கு என்றே தனியாக ஒரு முகவரி உருவாக்கி வைத்திருந்தார்கள். வேறு எங்கும் கொடுக்காத அந்த முகவரிக்குப் பங்கு வாங்கச் சொல்லி ஸ்பேம் வர ஆரம்பித்தது. சத்தம் போட்டார்கள். கடைசியில் தகவல் திருட்டு நடந்ததை நிறுவனமே ஒத்துக்கொண்டது, 60 லட்சத்துக்கு மேற்பட்ட வாடிக்கையாளர்கள். 2012ல் டிராப்பாக்ஸிலும் இப்படித்தான் வெளியே வந்தது. உங்களுக்குச் சொந்த டொமைன் இருக்கிறது, காசு செலவில்லை. அடுத்த கண்காட்சிக்குத் தனி முகவரி, வங்கிக்குத் தனி, ஜிஎஸ்டி போர்ட்டலுக்குத் தனி. ஜிமெயிலில் பெயருக்குப் பின்னால் கூட்டல் குறியும் ஒரு சொல்லும் சேர்த்துத் தனி முகவரி மாதிரி செய்கிறார்களே, அதை நம்பாதீர்கள். கூட்டலிலிருந்து அடுத்த பகுதியை வெட்டிவிட ஸ்பேம்காரனுக்கு ஒரு வரி புரோகிராம் போதும்.

உள்ளே இருந்தே விற்றவர்களும் உண்டு. ஏஓஎல் நிறுவனத்தில் வேலை பார்த்த ஜேசன் ஸ்மாதர்ஸ் 2003ல் 9.2 கோடி பயனர் பெயர்களைத் திருடி விற்றார், 2005ல் பதினைந்து மாதம் சிறை. 2017 ஆகஸ்டில் ஒரு ஸ்பேம் கும்பலின் சர்வர் திறந்து கிடந்தது, அதில் 71 கோடி முகவரிகள். டிராய் ஹண்ட் என்ற ஆஸ்திரேலியர் இப்படிக் கசிந்தவற்றைத் தொகுத்து ‘ஹேவ் ஐ பீன் போண்ட்’ என்று ஒரு தளம் நடத்துகிறார். டொமைன் உங்களுடையது என்று நிரூபித்தால் அதிலுள்ள முகவரிகளை மொத்தமாகவே தேடலாம். பழைய ஜிமெயிலையும் போட்டுப் பாருங்கள். பதினைந்து வருஷ முகவரி, எங்கேயாவது இருக்கும், பதற வேண்டாம்.

அன்சப்ஸ்கிரைப்: நீங்களே ஏதோ ஒரு நாள் வாங்கிய கடை, பதிந்த சேவை என்றால் அழுத்துங்கள், நிறுத்திவிடுவார்கள். முன்பின் தெரியாதவன் என்றால் அழுத்தாதீர்கள், ஆள் இருக்கிறார் என்று நாமே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி. படங்களும் அப்படித்தான். ஒவ்வொருவருக்கும் தனிப் பெயரில் ஒரு கண்ணுக்குத் தெரியாத புள்ளிப் படம் வைத்து அனுப்பினால், அது எப்போது இறங்கியது என்று அவனுக்குத் தெரியும். ஜிமெயில் 2013 கடைசியிலிருந்து படங்களைத் தன் சர்வர் வழியாக எடுத்துக் கொடுக்கிறது, அதனால் உங்கள் இருப்பிடம் தெரியாது. திறந்தது தெரியலாம். வெளிப் படங்களைக் கேட்டுவிட்டுக் காட்டும்படி அமைத்துவிடுங்கள்.

சுழிக்குப் பதில் ‘அட்’ என்று எழுதுவது ஒரு காலத்தில் நன்றாகவே பலித்தது. 2002ல் அமெரிக்க வர்த்தக ஆணையம் 250 முகவரிகளை இணையத்தில் அங்கங்கே தூவிப் பார்த்தது. வெப் பக்கங்களில் போட்டவற்றில் 86 சதவீதத்துக்கு ஸ்பேம் வந்தது, அரட்டை அறையில் போட்ட ஒன்றுக்குப் பத்து நிமிடத்துக்குள். பக்கத்தில் சுழியைத் தேடுவதுதான் அன்றைக்கு அந்த மென்பொருளின் புத்தி. இன்றைக்கு ‘அட்’, ‘டாட்’ எல்லாவற்றையும் அதுவே திருத்திக்கொள்கிறது. என் அபிப்பிராயம்: சேல்ஸ் முகவரியை ஒளிக்காதீர்கள். கடைக்கு ஷட்டர் போட்டுவிட்டு வியாபாரம் எதிர்பார்க்க முடியாது. அதை ஒரு நல்ல வடிகட்டிக்குப் பின்னால் வையுங்கள். ஒளிக்க வேண்டியது அப்பா முகவரியும் அக்கவுண்ட்ஸும். அக்கவுண்ட்ஸின் பெயரையே மாற்றுங்கள். யூகிக்க முடியாததாக, கொஞ்சம் அசட்டுத்தனமாக இருந்தாலும் பரவாயில்லை.

லாபம் கேட்டீர்கள். 2008ல் கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஸ்டார்ம் என்ற ஸ்பேம் வலைக்குள் நுழைந்து எண்ணினார்கள். சுமார் 35 கோடி மருந்து விளம்பர மெயில். வாங்க வந்தவர்கள் 28 பேர். லட்சம் அல்ல, இருபத்தெட்டு பேர். அனுப்பியது அடுத்தவன் கம்ப்யூட்டரிலிருந்து, அடுத்தவன் கரண்டில், அதனால் அதுவே கட்டுப்படியாகிறது. உங்கள் டென்மார்க் மெயிலுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. அவனுக்கு ஒருவர் திறந்தாலே போதும்.

கேட்ச்-ஆலை இன்றைக்கே அணையுங்கள்.


தறிப்பட்டறை
அடுத்த வாரம் வியாழன், இரவு 9:10

சொல்லாமல் விட்டால் நன்றாக இருக்காது, அதனால் எழுதுகிறேன்.

ஸ்பேம் பெட்டியில் அதே மாதிரி இன்னும் மூன்று கிடைத்தன, ஆக மொத்தம் நாலு. டென்மார்க் ஒன்று, ஜெர்மனி இரண்டு, ஸ்பெயின் ஒன்று. நாலும் வெவ்வேறு பையர், வெவ்வேறு சரக்கு. எல்லாமே போன வருஷம் ஏப்ரலுக்கும் ஜூலைக்கும் நடுவில் ஓடிய கடிதங்கள். பழைய இன்வாய்ஸ் ஒன்றின் பின்பக்கத்தில் நாலு கட்டம் போட்டுப் பெயர்களை எழுதினேன். அப்பா நாலிலும் இருக்கிறார், அது எதிர்பார்த்ததுதான். அவரைத் தவிர நாலிலும் இருந்தது ஒரே ஒரு பெயர்: தூத்துக்குடியில் எங்களுக்கு ஷிப்பிங் பில் போடும் கிளியரிங் ஏஜெண்ட் ஆபீஸ். ஷிப்மெண்ட் தேதி தெரியட்டும் என்று எல்லா மெயிலிலும் அவர்களை சிசியில் போடுவது அப்பா பழக்கம்.

போன் பண்ணினேன். முதலாளி அப்படி எதுவும் இல்லையே என்றார். டாக்குமெண்ட் பார்க்கும் பையன் அரை மணி நேரம் கழித்துத் தன் செல்லிலிருந்து கூப்பிட்டான். ‘அண்ணே, ஆகஸ்ட்ல ஒரு சிஸ்டம் படுத்துச்சு. ஏதோ வைரஸ்னு ஃபார்மட் அடிச்சுட்டோம். யார்கிட்டயும் சொல்ல வேணாம்னாங்க.’ அவனைக் காட்டிக் கொடுக்கவில்லை. வைரஸ் பிரச்சினை எங்களுக்கு வந்திருக்கிறது, நீங்களும் பாஸ்வேர்டு மாற்றிக்கொள்ளுங்கள் என்று முதலாளிக்குப் பொதுவாக ஒரு மெயில் போட்டேன். நாலு பையருக்கும் திருப்பூர் அண்ணன் சொன்ன வங்கிக் கணக்கு வரியைச் சேர்த்துக் கடிதம் அனுப்பிவிட்டேன். அடுத்த இன்வாய்ஸிலிருந்து அச்சிலும் வரும்.

கேட்ச்-ஆலை அணைத்த முதல் இரவு, இல்லாத பெயர்களுக்கு வந்து திரும்பிப் போனவை 340 சொச்சம். ஹோஸ்டிங்காரரிடம் பட்டியல் வாங்கிப் பார்த்தேன். ஜான், மைக், ராபர்ட், லிண்டா. இத்தனை வெள்ளைக்காரர்கள் கரூர் செங்குந்தபுரத்தில் வேலை பார்க்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. அக்கவுண்ட்ஸுக்கு அக்காவே புதுப் பெயர் வைத்தார்: அவர் வளர்த்த ஆட்டுக்குட்டியின் பெயரோடு ஒரு எண். ஆடிட்டர் சிரித்தார், சிரிக்கட்டும்.

அப்பா இப்போதெல்லாம் பாஸ்வேர்டு போட்ட இணைப்பு எது வந்தாலும் ஆபீஸே கேட்கும்படி சத்தமாக வாசிக்கிறார். வங்கி ஸ்டேட்மெண்டையும் சேர்த்து.

டென்மார்க் பையருடைய கூடுதல் ‘எச்’ சேர்த்து ஒரு தனி முகவரி போட்டுவிட்டேன். இந்த உலகத்திலேயே அவர் ஒருவருக்குத்தான் அது தெரியும். இதுவரை அவரைத் தவிர வேறு யாரும் அதற்கு எழுதவில்லை. நேற்று ஒன்று வந்தது: டவலில் பழுப்பு நிறம் சாம்பிளைவிடக் கொஞ்சம் தூக்கலாக இருக்கிறதாம், மறுபடி சாயம் போட முடியுமா என்று கேட்டிருக்கிறார்.